விரால் அக்கா சொன்ன ‘மொத்தமும்!’

சத்தியம்! அடித்துச் சத்தியம் செய்கிறேன்! இதில் ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மீசையில் பாதி இந்த நிமிஷமே கொட்டிப் போகட்டும். மீன் எங்கேயாவது சீட்டாடுமா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். ஆடியது. நான் பார்த்தேன். கண்ணாடி போடாத காலத்துக் கண்ணால் பார்த்தேன்!

காட்டுக்குள் ஒரு குட்டை இருந்தது. குட்டையின் ஒரு மூலையில் பெரிய பாறை. பாறைக்கு அடியில் ஆழமான மடு. எந்தக் கோடையிலும் அந்த மடு வற்றியதில்லை. குட்டை அப்படியில்லை. சித்திரை பிறந்தால் போதும், நாளுக்கு நாள் சுருங்கும். கடைசியில் வெடித்த சேறுதான் மிஞ்சும்.

அந்த வருஷம் குட்டையில் நான்கு பேர் இருந்தார்கள். விரால் அக்கா, ஆமைப் பெரியப்பா, நண்டு, தவளை. மடுவிலோ இரண்டு குடும்பத்துக்குத்தான் இடம். மூன்றாவது குடும்பம் நுழைந்தால் எல்லோருக்குமே மூச்சு முட்டும்.

முன்பெல்லாம் சண்டை போட்டுத்தான் மடுவைப் பிடிப்பார்கள். ஒரு கோடையில் சண்டை முற்றி, மடுவே சேறாகக் கலங்கி, ஜெயித்தவர்களும் செத்துப் போனார்கள். அதற்கப்புறம் ஒரு வழக்கம் வந்தது. இனி சண்டை கிடையாது. இலைச் சீட்டு ஆட வேண்டும். கடைசிவரை நிற்கிற இரண்டு பேருக்கு மடு. தோற்றவர்கள் மேட்டைத் தாண்டி ஆற்றுக்குப் போய்விட வேண்டும்.

தவளை தத்திப் போவான். நண்டு நடந்து போவான். ஆமை ஊர்ந்து போவார். விரால் அக்காகூட ஈரத்தில் நெளிந்து நெளிந்து எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவாள். ஆனால் அவளுடைய குஞ்சுகள்? பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. செக்கச் செவேலென்று ஒரு கூட்டம். தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரு சாண்கூட அவற்றால் போக முடியாது.

ஆகவே மற்ற மூன்று பேருக்கும் அது ஓர் ஆட்டம். விரால் அக்காவுக்கு அது குஞ்சுகளின் உயிர்.

சீட்டுப் போடுவதும் மரங்கொத்திதான், நியாயம் சொல்வதும் மரங்கொத்திதான். பாறைமேல் வந்து உட்கார்ந்தது.

“விதி தெரியுமில்ல? ஆளுக்கு இருபது புளியங்கொட்டை. ஆளுக்கு ரெண்டு இலை. உங்க உங்க தாமரை இலைக்கு அடியில ஒளிச்சு வைப்பேன். எட்டிப் பார்த்தா கண்ணைக் கொத்திடுவேன்!”

“தெரியும், தெரியும்!” என்றான் தவளை. உட்கார்ந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான்.

“பெரிய இலைதான் ஜெயிக்கும். ஆலிலை எல்லாத்துக்கும் மேல. அடுத்தது அரசு. அப்புறம் பூவரசு, அப்புறம் வேம்பு. புளிய இலை எல்லாத்துக்கும் கீழே. ஒரே இலை ரெண்டு வந்தா அது ஜோடி. ஜோடியை ஜோடிதான் அடிக்கும்.”

“சரி, போடுப்பா!” என்றார் ஆமை.

“இருங்க பெரியப்பா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லாரும் கட்டாயக் கொட்டை ஒண்ணு நடுவுல வைக்கணும். இலையைப் பார்த்துட்டு, வேண்டாம்னா விலகலாம். வேணும்னா மேல கூட்டலாம். துணிஞ்சவங்க ‘மொத்தமும்!’னு சொல்லிக் கையில இருக்கிறதை எல்லாம் உள்ள தள்ளலாம். எதிராளி அதுக்கு ஈடு வைக்கணும், இல்லைன்னா விலகணும். கடைசியா ஒண்ணு. நான் மரத்தைத் தட்டினா கட்டாயக் கொட்டை இரட்டிப்பு!”

“எப்பத் தட்டுவே?” என்று கேட்டாள் விரால் அக்கா.

“பாறை நிழல் ஒரு சாண் நகரும்போதெல்லாம் தட்டுவேன்.”

விரால் அக்கா நிழலைப் பார்த்தாள். பிறகு குட்டைக்கும் மடுவுக்கும் நடுவில் இருந்த சின்ன வாய்க்காலைப் பார்த்தாள். குஞ்சுகள் மடுவுக்குப் போக அது ஒன்றுதான் வழி. வெயில் அந்தத் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது.

விரால் அக்கா எப்படி ஆடினாள் என்று கேட்பீர்கள். அவளுடைய தாமரை இலை தண்ணீரில் மிதந்தது. அடியில் போய் மல்லாந்து தன் இலைகளைப் பார்த்துவிட்டு மேலே வருவாள். கொட்டையை மூக்கால் தள்ளுவாள். விலகுவதென்றால் வாலால் ஒரு தட்டு. நம்பாதவர்கள் அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஆட்டத்திலேயே தவளை தொண்டையைப் புடைத்துக்கொண்டு கத்தினான்.

“மொத்தமும்!”

எல்லோரும் திகைத்தார்கள்.

“ஏண்டா, இலையைப் பார்த்தியா நீ?” என்றார் ஆமை.

“பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன? வர்றீங்களா, இல்லையா?”

மூன்று பேரும் விலகினார்கள். தவளை மூன்று கொட்டைகளை அள்ளிக்கொண்டு ஒரு குதி குதித்தான். அடுத்த ஆட்டம். “மொத்தமும்!” மறுபடி எல்லோரும் விலகினார்கள். மறுபடி குதித்தான்.

“பயந்தாங்கொள்ளிங்களா! கோடை முழுக்க மடுவுல உட்கார்ந்து பாடப் போறேன். காதைப் பொத்திக்க யாருக்கும் கை போதாது!”

மூன்றாவது ஆட்டத்திலும் “மொத்தமும்!” என்றான். ஆமையின் தலை ஓட்டுக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது. மற்றவர்கள் அதைப் பார்த்தே விலகிக்கொண்டார்கள்.

“வரேண்டா தம்பி” என்றார் ஆமை. தன் கொட்டைகளை எல்லாம் நடுவில் தள்ளினார். தாமரை இலையைத் தூக்கினார். பூவரசு ஜோடி!

தவளையிடம் ஒரு வேம்பும் ஒரு புளியும் இருந்தன.

மிச்சம் கொஞ்சம் கொட்டை இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் நிதானித்திருப்பார்கள். தவளையின் கால் நிதானத்துக்குப் பழகிய காலா? அடுத்த ஆட்டத்திலேயே அதையும் தூக்கி வைத்தான். அதுவும் ஆமைக்கே போனது.

“போயிட்டு வரேன்” என்றான் தவளை, குரலே இல்லாமல். மேட்டுப் பக்கம் தத்தித் தத்திப் போனான். மேலே ஒரு பருந்து வட்டமடித்தது. அவன் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மீதி மூன்று பேர். இன்னும் ஒருவர் வெளியே போக வேண்டும்.

“பார்த்தீங்களா” என்றாள் விரால் அக்கா. “அவசரப்பட்டா இதுதான் கதி. நான் பொறுமையா இருக்கப் போறேன்.”

அவள் அப்படிச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. விரால் இரை பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சேற்றோடு சேறாக, கட்டை மாதிரி கிடக்கும். செதில்கூட அசையாது. இரை வாய்க்கு நேராக வந்தால்தான் வாயைத் திறக்கும். ஒரே கவ்வு! பிறந்ததிலிருந்து விரால் அக்கா அப்படித்தான் சாப்பிட்டாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள். ஆகவே சீட்டிலும் அப்படியே கிடந்தாள். நல்ல இலை வாய்க்கு நேராக வரட்டும்!

வேம்பும் புளியும் வந்தன. வாலால் ஒரு தட்டு. விலகினாள்.

பூவரசும் புளியும் வந்தன. தட்டு. விலகினாள்.

நண்டின் ஆட்டமே வேறு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொட்டையைக் கூட்டுவான். ஆமை தலையை நீட்டியதும் “ஐயோ, வேண்டாம் சாமி!” என்று பக்கவாட்டில் நகர்ந்துவிடுவான். போட்டது போனதுதான். எப்போதாவது ஆமை தலையை நீட்டாத நேரத்தில் நடுவில் இருப்பதை இடுக்கியால் அள்ளிக்கொள்வான். போட்டதும் எடுத்ததுமாக அவன் பிழைப்பு ஓடியது.

டொக்! டொக்! டொக்!

“கட்டாயம் இனிமே ரெண்டு கொட்டை!” என்றது மரங்கொத்தி.

விரால் அக்கா திரும்பிப் பார்த்தாள். பாறை நிழல் ஒரு சாண் நகர்ந்திருந்தது. அதற்குள்ளா?

அப்போது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அவள் புருஷன் வந்தான். அவன்தான் குஞ்சுகளுக்குக் காவல்.

“என்ன ஆச்சு? ஜெயிச்சிட்டியா?”

“இப்பத்தான் ஆடிக்கிட்டிருக்கேன். ஏன் இப்படிப் பதறுறீங்க?”

“பதறாம என்ன பண்றது? தண்ணி சுடுதுடி. குஞ்சுங்க மேல வந்து வந்து வாயைத் திறக்குதுங்க. வாய்க்கால்ல தண்ணி என் முதுகு மட்டும் வருது, அவ்வளவுதான்!”

“சும்மா இருங்க. நல்ல இலை வரட்டும்.”

“எப்ப வரும்?”

“வரும்போது வரும்!”

அவன் போனான். அவள் இலையைப் பார்த்தாள். வேம்பும் புளியும். வாலால் தட்டினாள். இரண்டு கொட்டை போயிற்று. 

அவள் எதிலும் தோற்கவில்லை. ஒரு தப்பும் செய்யவில்லை. ஒருவரும் அவளை அடிக்கவில்லை. ஆனாலும் அவளுடைய தாமரை இலைமேல் இருந்த குவியல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது, குட்டைத் தண்ணீரைப் போலவே.

டொக்! டொக்! டொக்!

“கட்டாயம் நாலு கொட்டை!”

விரால் அக்கா தன் குவியலை எண்ணினாள். அவளிடம் பன்னிரண்டுதான் இருந்தது. சும்மா விலகிக்கொண்டிருந்தாலே மூன்று ஆட்டத்தில் எல்லாம் தீர்ந்துவிடும்.

நான்கு கொட்டையை நடுவில் தள்ளிவிட்டு அடியில் போய்ப் பார்த்தாள். அரச இலை ஒன்று! கூடவே ஒரு வேப்பிலை.

நல்ல இலைதான். ஆனால் ஜோடி இல்லையே? ஆமையிடம் ஆலிலை இருந்தால்? தவளை அப்படித்தானே போனான்?

“என்ன அக்கா, அடியிலயே தூங்கிட்டீங்களா?” என்று இடுக்கியைத் தட்டினான் நண்டு.

புருஷன் வேறு பின்னாலிருந்து கிசுகிசுத்தான். “என்ன வந்திருக்கு? தள்ளிடேன்!”

“வாயை மூடுங்க! ஜோடி இல்ல.”

“ஜோடிதான் வேணுமா?”

“இன்னும் ஒரு ஆட்டம் பொறுத்தா என்ன கெட்டுப்போகுது?”

தட்டினாள். விலகினாள். நண்டும் வழக்கம்போல நகர்ந்துகொண்டான். ஆமை நடுவில் இருந்ததை மெதுவாக வாரிக்கொண்டார். வாரும்போது தாமரை இலை லேசாகப் புரண்டது. அவரிடம் இருந்தவை ஒரு வேம்பு, ஒரு புளி.

விரால் அக்கா அதைப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இப்போது அவளிடம் எட்டே எட்டு கொட்டை. நான்கை நடுவில் தள்ளினாள். பயந்து பயந்து அடியில் போனாள். மல்லாந்து பார்த்தாள்.

ஆலிலை. இன்னோர் ஆலிலை!

கண்ணைச் சிமிட்ட அவளுக்கு இமை கிடையாது. இருந்திருந்தால் நூறு முறை சிமிட்டியிருப்பாள். ஆலஞ்ஜோடி! இதற்கு மேல் இலைச் சீட்டில் எதுவுமே இல்லை. இவ்வளவு நேரம் கட்டையாகக் கிடந்தது வீண்போகவில்லை. வாய்க்கு நேராகவே வந்துவிட்டது!

மேலே வந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தினாள்.

“மொத்தமும்!”

நண்டும் ஆமையும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தள்ளியது நான்கு கொட்டை.

ஆமை சிரித்துவிட்டார். “மொத்தமே இதுதானாம்மா? நாலு கொட்டைக்கு எதுக்கு இந்தக் கத்து? நான் வரேன்.”

“நாலுதானே? நானும்தான் வரேன்” என்றான் நண்டு. பக்கவாட்டில் நகர்கிற நண்டே முன்னால் வந்துவிட்டான்!

இலைகளைத் திருப்பினார்கள். ஆலஞ்ஜோடியை யார் அடிக்க முடியும்? விரால் அக்காதான் ஜெயித்தாள். மூக்கால் அள்ளி அள்ளித் தன் பக்கம் சேர்த்தாள். எண்ணிப் பார்த்தாள். இருபத்துநாலு.

அவ்வளவுதான்! காத்துக் காத்துக் கிடந்து, கிடைத்தற்கரிய இலை கிடைத்து, மூன்று பேரில் ஜெயித்து, கடைசியில் கையில் வந்தது ஆரம்பத்தில் இருந்ததைவிட நாலே நாலு கூடுதல்.

புருஷன் துள்ளினான். “அப்பாடா! பிழைச்சோம்! இனிமே ஒண்ணும் பண்ணாதே. பத்திரமா இரு!”

டொக்! டொக்! டொக்!

“கட்டாயம் எட்டுக் கொட்டை!”

விரால் அக்கா கணக்குப் போட்டாள். இருபத்துநாலு. எட்டு எட்டாகப் போனால் மறுபடி மூன்றே ஆட்டம். ஆலஞ்ஜோடி வந்து என்ன? மரங்கொத்தி மூன்று தட்டுத் தட்டியதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதே!

வாய்க்கால் பக்கம் பார்த்தாள். நடுவில் ஒரு கல் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முன்பு அந்தக் கல் தண்ணீருக்குள் இருந்தது.

“பத்திரமா இரும்மா” என்றான் புருஷன் மறுபடி.

“பத்திரமா இருந்துதாங்க இந்த நிலைமைக்கு வந்தேன்” என்றாள். “நான் நாலு கொட்டையைத் தள்ளினப்ப அவங்க மூஞ்சியைப் பார்த்தீங்களா? ரெண்டு பேரும் சிரிச்சாங்க. தவளை மொத்தமும்னு சொன்னப்ப ஒருத்தரும் சிரிக்கலை.”

“தவளை தோத்துட்டானே!”

“தோத்தான். தேவையே இல்லாதப்ப, கட்டாயம் ஒரு கொட்டையா இருந்தப்ப, மூணு கொட்டைக்காக மொத்தத்தையும் வெச்சுத் தோத்தான். இப்ப மூணு பேரும் வெச்சா நடுவுல விழப்போறது இருபத்துநாலு. நான் என்ன இலைக்காகக் காத்திருக்கேன்? அந்த இலையே வந்தாலும் அப்ப என் கையில என்ன இருக்கும்?”

மூன்று பேரும் எட்டெட்டாக நடுவில் வைத்தார்கள். விரால் அக்காவிடம் மிச்சம் பதினாறு. நண்டிடம் மிச்சம் நாலு. ஆமையிடம் முப்பதுக்கு மேல்.

அடியில் போனாள். மல்லாந்து பார்த்தாள்.

வேம்பும் புளியும்.

காலையிலிருந்து இதே சனியன் பிடித்த வேம்பும் புளியும்! வால் தானாகவே தூக்கிக்கொண்டது. தட்டிவிடு, விலகிவிடு, அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று முழு உடம்பும் சொன்னது. அம்மா சொல்லிக்கொடுத்த உடம்பு. கட்டையாகக் கிடந்தே வளர்ந்த உடம்பு.

தூரத்தில் குஞ்சுக் கூட்டம் தண்ணீரின் மேல் சிவப்பாகக் கொப்பளித்தது. எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன.

விரால் அக்கா வாலைக் கீழே இறக்கினாள். மேலே வந்தாள். பதினாறையும் மூக்கால் ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

“மொத்தமும்!”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பாறைமேல் மரங்கொத்தி கழுத்தை நீட்டியது. ஆமை தன் இலைகளைப் பார்த்தார். கொட்டைகளைப் பார்த்தார். விரால் அக்காவின் மூஞ்சியைப் பார்த்தார். மீன் மூஞ்சியில் என்ன தெரியும்? வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பயத்தில் திறக்கிறதா, மூச்சுக்குத் திறக்கிறதா என்று யாருக்குத் தெரியும்!

“என்னம்மா வந்திருக்கு உனக்கு?” என்றார் ஆமை, பாசமாக.

“பதினாறு கொட்டை வெச்சுட்டு வந்து பாருங்க பெரியப்பா.”

“மறுபடி ஆலஞ்ஜோடியா?”

“இருக்கலாம்.”

“நீ வீணா வைக்கிறவ இல்லையே. காலையிலேர்ந்து கட்டை மாதிரி கிடந்தவளாச்சே” என்று ஆமை தனக்குத்தானே முணுமுணுத்தார். ஈடு வைத்துத் தோற்றால் கையில் இருப்பதில் பாதி போய்விடும். சேர்த்து வைத்த சுகமெல்லாம் போய்விடும். விலகினாலோ இன்னும் முப்பதுக்கு மேல் பத்திரமாக இருக்கும். நண்டுதான் முதலில் சாகப்போகிறான். தனக்கு எதற்கு இந்த வம்பு?

ஆமையின் தலை கொஞ்சம் உள்ளே போனது. நின்றது. மறுபடி வெளியே வந்தது.

விரால் அக்காவுக்கு உலகமே நின்றுபோனது. புருஷன் கண்ணை மூட முடியாமல் தலையைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டான்.

“வேண்டாம்” என்றார் ஆமை. தலை படக்கென்று உள்ளே போய்விட்டது. ஓட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “நண்டு, நீ பார்த்துக்கோடா.”

நண்டிடம் பூவரசும் வேம்பும் இருந்தன. விரால் அக்காவுடையதைவிட நல்ல இலை! இன்னும் நாலு கொட்டையைத் தள்ளினால் போதும். எட்டை ஏற்கெனவே உள்ளே வைத்துவிட்டான். நண்டு முன்னால் ஓர் அடி வைத்தான். இடுக்கி கொட்டைமேல் போயிற்று.

“போடுறியா?” என்றது மரங்கொத்தி.

“போடலாம்தான்” என்றான் நண்டு. “ஆனா அக்கா போன தடவை மொத்தமும்னு சொன்னப்ப ஆலஞ்ஜோடியில்ல வெச்சிருந்தாங்க! நாலு கொட்டையாவது மிஞ்சட்டும். அடுத்த ஆட்டத்துல பார்த்துக்கலாம்!”

பக்கவாட்டில் நகர்ந்தான்.

விரால் அக்கா நடுவில் இருந்ததை எல்லாம் அள்ளினாள். நாற்பது! இப்போது குட்டையிலேயே பெரிய குவியல் அவளுடையது.

புருஷன் சேற்றிலிருந்து தலையைப் பிடுங்கினான். “ஜெயிச்சியா? என்ன இலைடி வந்தது?”

“அப்புறம் சொல்றேன். இப்ப வாயைத் திறக்காதீங்க.”

அடுத்த ஆட்டம். கட்டாயம் எட்டு. நண்டிடம் இருந்ததோ நாலு. இலையைப் பார்ப்பதற்கு முன்பே அந்த நாலும் நடுவில் போய்விட்டது. இனி அவனால் விலகவும் முடியாது, கூட்டவும் முடியாது. வந்த இலைதான் விதி.

“தள்ளு! மறுபடி தள்ளு!” என்று புருஷன் குதித்தான். அவனுக்கு இப்போது வீரம் வந்துவிட்டது. “மொத்தமும்னு சொல்லு!”

“எதுக்கு?” என்றாள் விரால் அக்கா. “இப்பக் கரைஞ்சு நிக்கிறது நண்டு. இப்ப நான் பெரியப்பாவோட மோதினா நண்டுக்குத்தான் கொண்டாட்டம். இப்போதான் கட்டையா கிடக்கிற நேரம்.”

அவள் எதையும் கூட்டவில்லை. ஆமையும் கூட்டவில்லை. மூன்று பேரும் இலையைத் திருப்பினார்கள்.

நண்டு முதலில் திருப்பினான். பூவரசும் புளியும். மோசமில்லை! அவன் கண்கள் காம்போடு நீண்டன.

விரால் அக்கா திருப்பினாள். வேம்பும் புளியும். அவள் இலையை அவன் அடித்துவிட்டான்!

எல்லாம் ஆமையின் கையில் இருந்தது. ஆமை எதையும் வேகமாகச் செய்தவரில்லை. அன்றைக்கு இன்னும் மெதுவாகச் செய்தார். ஓர் இலையைப் புரட்டினார். புளி. நண்டு இடுக்கிகளைத் தூக்கினான். இன்னோர் இலையைப் புரட்டினார்.

அரசு.

“முடிஞ்சது!” என்றது மரங்கொத்தி. “நண்டு வெளியே!”

நண்டு கொஞ்ச நேரம் வெறும் தரையை இடுக்கியால் கிளறினான். “முன்னாடியே வந்திருக்கணும்” என்றான். “எட்டை உள்ள போட்டுட்டு நாலைக் காப்பாத்தினேனே! எதுக்குக் காப்பாத்தினேன்?” அவன் மேட்டுப் பக்கம் நகர்ந்து போனான்.

நின்று பேச நேரமில்லை. விரால் அக்கா வாய்க்காலுக்குப் பாய்ந்தாள். தண்ணீர் அவள் வயிற்றைத்தான் நனைத்தது. முதுகு வெயிலில் காய்ந்தது. உடம்பை நெளித்து நெளித்துச் சேற்றில் ஒரு பள்ளம் பறித்துக்கொண்டே முன்னால் போனாள். அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தது. அதில் குஞ்சுகள் வரிசையாக வந்தன. கடைசியில் புருஷன், ஒன்றும் தங்கிவிடாமல் மூக்கால் தள்ளிக்கொண்டே வந்தான். தலை நீட்டிய கல்லருகே இரண்டு குஞ்சுகள் சிக்கின. அவன் வாயில் கவ்வி அந்தப் பக்கம் விட்டான்.

மடு குளிர்ந்து கிடந்தது. செக்கச் செவேலென்ற கூட்டம் அதற்குள் இறங்கி, கலைந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது.

ஆமை பின்னாலேயே வந்து சேர்ந்தார். ஒரு மூலையில் வசதியாக உட்கார்ந்துகொண்டு கேட்டார். “ஏம்மா, இனிமே சொன்னா என்ன? அந்தப் பதினாறைத் தள்ளினியே, உன்கிட்ட என்ன இலை இருந்தது?”

“உங்ககிட்ட என்ன இருந்தது பெரியப்பா?”

“அரசும் பூவரசும்.”

“என்கிட்ட வேம்பும் புளியும்.”

ஆமையின் தலை உள்ளே போனது. அந்தக் கோடை முடியும்வரை அது வெளியே வரவேயில்லை என்று மடுவில் சொல்லிக்கொண்டார்கள்.

கேட்டுக்கொள்ளுங்கள்: துணிவதென்றால், எதிராளி உங்களைப் பார்த்து யோசிக்கிற அளவுக்குக் கையில் மிச்சம் இருக்கும்போதே துணிய வேண்டும், எல்லாம் கரைந்த பிறகு எப்பேர்ப்பட்ட இலை வந்தாலும் அதற்கு யாரும் அஞ்சமாட்டார்கள்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். ஆமைக்கு ஆயுசு அதிகம். அந்தப் பக்கம் நான் இன்னும் குளிக்கப் போக வேண்டியிருக்கிறது!